எல்லா வேலைமுறையும் ஒரே இடத்தில்: ஒரு நண்டு கம்பெனியை வைத்து விளக்கம்

ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு நண்டு ஏற்றுமதி கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மண்டபத்தில் ஆலை. தங்கச்சிமடத்திலும் தொண்டியிலும் நண்டை வாங்கி, வேகவைத்து, சதை எடுத்து அனுப்பும் சின்னக் கூடங்கள். மூன்று இடத்திலும் சேர்த்து 300 பேர், பெரும்பாலும் பெண்கள். நீலக்கால் நண்டின் சதை டின்னில் அடைபட்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. கம்பெனி கற்பனைதான். ஆனால் இந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது.

புதிதாகச் சேர்ந்த தர மேற்பார்வையாளர் ஒரு சாதாரணக் கேள்வி கேட்கிறார். "வர்ற லோடுல ஒரு பெட்டி வாடை அடிச்சா என்ன பண்ணணும்?" தொண்டியில், முழு லோடையும் திருப்பி அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். தங்கச்சிமடத்தில், "அந்த அண்ணன் ரொம்ப வருஷமா நமக்குப் போடுறவரு. அந்தப் பெட்டியை மட்டும் ஒதுக்கிட்டு மத்ததை இறக்கிக்குவோம்" என்கிறார்கள். மண்டபத்தில் ஃபைலைத் திறந்து காட்டுகிறார்கள். லோடை நிறுத்தி வை, ஒவ்வொரு பெட்டியிலும் மாதிரி எடு, பதிவேட்டில் எழுது, மேலாளர் கையெழுத்து வாங்கு என்று அதில் இருக்கிறது.

மூன்று இடத்திலும் எழுத்து இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தொண்டியில் சுவரில் ஒட்டிய தாள், தங்கச்சிமடத்தில் பழைய மேலாளர் எப்போதோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, மண்டபத்தில் ஆடிட்டுக்காகப் போட்ட ஃபைல். எழுதி வைக்காததால் வந்த குழப்பமாக இருந்தால் எழுதி வைத்தால் தீர்ந்துவிடும். இது எழுதியதெல்லாம் மூன்று மூலையில் கிடப்பதால், எது செல்லும் என்று யாருக்கும் தெரியாததால் வந்தது. "எல்லாத்தையும் டாக்குமென்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போகும் ஆலோசகர்கள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம்.

நிறுவனத்தின் எல்லா வேலைமுறைகளையும் ஒரே இடத்தில், ஒன்றோடொன்று தொடுத்து வைப்பதைச் செயல்முறைக் களஞ்சியம் என்கிறோம். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று தனி மென்பொருள் இருக்கும், தனிக் குழுவே இருக்கும். நம் நண்டு கம்பெனிக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் விஷயம் ஒன்றுதான்.

களஞ்சியத்தில் என்ன இருக்கும்

முதலில் செயல்முறை என்பது எது? ஏதோ ஒன்று நடந்ததும் தொடங்கி, சிலர் கைமாறி, ஒரு முடிவில் போய் நிற்கும் வேலைத் தொடர். நண்டு வண்டி வாசலில் வந்து நிற்பது தொடக்கம். எடை போட்டு, பரிசோதித்து, சீட்டு எழுதி, கொதிகலத்துக்குப் போவது முடிவு. இது ஒரு செயல்முறை. வியாபாரிக்குப் பணம் போய்ச் சேர்வது இன்னொன்று. வேலைக்கு ஆள் எடுப்பது, டின்னைப் பாஸ்டுரைஸ் செய்வது (அளவான சூட்டில் கிருமி நீக்குவது), வாங்குபவரின் புகாருக்குப் பதில் சொல்வது, எல்லாமே இப்படித்தான்.

களஞ்சியத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் இருக்கும். எப்போது தொடங்குகிறது, யார் எதைச் செய்கிறார், எந்தப் பதிவேட்டில் எழுதுகிறார், முடிந்ததும் யாரிடம் போகிறது என்பதெல்லாம் அதில் வரும். இவற்றைப் பழைய ஃபைலிலும் பார்க்கலாம். ஃபைலில் வழக்கமாக இல்லாதவை வேறு. இந்தப் படி எந்தச் சட்டத்துக்காக, எந்த வாங்குபவரின் நிபந்தனைக்காக இருக்கிறது? இந்த முறைக்குப் பொறுப்பாளர் யார்? கடைசியாக எப்போது, ஏன் மாறியது? இதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வேலைமுறைகள் எவை? என் கணக்கில் களஞ்சியத்தின் மதிப்பில் பெரும்பகுதி கடைசிக் கேள்வியில்தான் இருக்கிறது. வலையில் ஒரு கண்ணைப் பிடித்து இழுத்தால் பக்கத்துக் கண்களும் சேர்ந்து வருமே, அந்த மாதிரி ஒரு பக்கத்தைத் திறந்தால் அதைத் தொட்டுக்கொண்டிருப்பவை எல்லாம் கண்ணில் பட வேண்டும்.

ஒன்று மாறினால் எதெல்லாம் அசையும்

இதை ஒரு நிஜ மாற்றத்தை வைத்துப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் கடலில் பிடித்த மீன், நண்டு வகைகளுக்குப் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. எந்தப் படகு, என்ன பதிவு எண், எந்தக் கடல் பகுதி, எந்தத் தேதி, என்ன இனம், எத்தனை கிலோ என்பதைச் சொல்லும் சான்றிதழ் அது. சிறிய படகுகளுக்கு எளிமையான படிவமும் உண்டு. இந்தியாவில் இதைச் சரிபார்த்துத் தருவது கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம், அதாவது எம்பெடா. அப்புறம் 2026 ஜனவரி 10 முதல், இந்தச் சான்றிதழ்களை "கேட்ச்" என்ற மின்னணு முறை வழியாகத்தான் கையாள வேண்டும் என்று ஐரோப்பிய இறக்குமதியாளர்களுக்குக் கட்டாயமாகிவிட்டது.

இப்படி ஒரு விதி மாறினால் நம் கம்பெனியில் யாருக்குச் செய்தி வரும்? ஏற்றுமதி ஆவணம் பார்ப்பவருக்கு. அவர் தன் மேசையில் உள்ள படிவத்தை மாற்றிக்கொள்வார். வேலை முடிந்தது என்று நினைப்பார். முடியவில்லை. படிவத்தில் நிரப்ப வேண்டிய படகு எண் அவர் மேசையில் பிறப்பதில்லை, தங்கச்சிமடத்துக் கரையில் பிறக்கிறது.

அந்த எண்ணைத் தேடிப் பின்னோக்கிப் போனால் சுவாரசியமாக இருக்கும். கப்பலேற்றும் ஆவணத்துக்கு முன்னால் டின்னின் குறியீடு. அதற்கு முன்னால் லாட் பதிவேடு, அதாவது ஒன்றாகத் தயாரான சரக்குத் தொகுதிகளைக் குறித்து வைக்கும் நோட்டு. அதற்கு முன்னால் சதை எடுக்கும் மேசை. அதற்கும் முன்னால் கொதிகலம். அங்கேதான் சிக்கல். காலையில் பத்து இருபது வள்ளங்களின் நண்டு ஒன்றாக வந்து இறங்குகிறது. ஒரே கலத்தில் கொட்டி வேகவைக்கிறார்கள். வெந்து இறங்கும்போது எந்த நண்டு எந்த வள்ளத்துடையது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கலத்தில் கொட்டும் முன்பே, இந்தக் கலத்தில் இன்னின்ன வள்ளங்களின் நண்டு என்று எழுதியாக வேண்டும். எழுத வேண்டியவர் கொதிகலத்தில் நிற்பவர். ஐரோப்பாவில் என்ன விதி மாறியது என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்பது யாருக்கும் தோன்றியிருக்காது.

இடையில் வியாபாரி வேறு இருக்கிறார். அவர் நாலு கரையில் வாங்கிச் சேர்த்துக் கொண்டுவந்தால், படகு விவரத்தை அவரிடம் கேட்டு வாங்கும் முறையும் மாற வேண்டும். கொள்முதல் சீட்டின் வடிவம் மாறினால் கணக்குப் பிரிவின் பதிவும் மாறும். ஆக, ஒரு படிவத்தில் தொடங்கியது ஐந்தாறு வேலைமுறைகளை அசைக்கிறது.

களஞ்சியம் இருந்தால் ஆவணப் பிரிவுக்காரர் பிடிப்புச் சான்றிதழ் என்ற விதியைத் தேடுவார். அதோடு தொடுத்த பக்கங்கள் எல்லாம் வரிசையாக வரும். கொள்முதல் சீட்டு, கலத்துப் பதிவு, லாட் எண், டின் குறியீடு, கணக்கு. ஒவ்வொன்றின் பொறுப்பாளர் பெயரும் பக்கத்திலேயே இருக்கும். அரை நாளில் எல்லோருக்கும் சொல்லிவிடலாம். களஞ்சியம் இல்லாவிட்டால்? வாங்குபவர் சரக்கை நிறுத்தி வைத்துக்கொண்டு படகு எண் கேட்கும்போதுதான் கொதிகலம் வரை போக நேரும். அதற்குள் அந்த நண்டைப் பிடித்தவர் இன்னும் பலமுறை கடலுக்குப் போய் வந்திருப்பார்.

இது ஏற்றுமதித் தொழிலுக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். மருத்துவமனை, கூட்டுறவு வங்கி, கல்லூரி, எங்கேயும் ஒரு விதி மாறினால் அது யார் யார் வேலையைத் தொடும் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல ஆட்களின் ஞாபகத்தை மட்டும் நம்பினால், ஞாபகம் உள்ளவர் லீவில் இருப்பார்.

ஒரே மாதிரி என்றால் எவ்வளவு ஒரே மாதிரி?

பொதுக் களஞ்சியம் என்றதும் கிளைகளில் இருப்பவர்களுக்கு ஒரு பயம் வரும். "மண்டபத்துல உட்கார்ந்து எழுதுறவங்களுக்குத் தொண்டிக் கரை என்ன தெரியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகள் மற்ற நான்கு நாள் என்று கடலுக்குப் போகும் ஏற்பாடு இருக்கிறது. வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம் சரக்கு வரும் நாளும் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம் சரக்கு வரும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தொண்டியிலிருந்து மண்டபத்துக்கு வண்டி வர ஆகும் நேரத்தைத் தங்கச்சிமடத்தோடு ஒப்பிடவே முடியாது. ஐஸ் போடும் அளவு அதற்கேற்ப மாறித்தான் ஆகும்.

நல்ல களஞ்சியம் இந்த வேறுபாட்டை மறைக்காது, பெயர் சொல்லி எழுதி வைக்கும். வாடை அடிக்கும் பெட்டியை என்ன செய்வது என்பது மூன்று இடத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும், அதில் பேரமில்லை. வண்டிக்கு எவ்வளவு ஐஸ் என்பது தொண்டிக்கு வேறு, தங்கச்சிமடத்துக்கு வேறு, காரணம் தூரம் என்று அதே பக்கத்தில் எழுதலாம். காரணம் எழுதாத வேறுபாடு இருந்தால் அதைக் கேள்வி கேட்கலாம். சில சமயம் கிளையில் இருப்பவர்களின் முறைதான் மேலானது என்று தெரியவரும், அப்போது மற்ற இரண்டு இடமும் அதற்கு மாற வேண்டியதுதான். தலைமையகம் சொல்வதைக் கிளைகள் கேட்க வேண்டும் என்பதற்காகக் களஞ்சியம் வைத்தால் அது ஆறு மாதம் தாங்காது.

பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும்போது வீண் வேலையும் வெளியே வரும். நம் கம்பெனியில் ஒரே நண்டை நாலு தடவை எடை போடுகிறார்கள் என்று வையுங்கள். கரையில், கூடத்து வாசலில், சதை எடுக்கும் மேசைக்குப் போகும் முன், ஆலை வாசலில். கரை எடை வியாபாரிக்குப் பணம் தர. மேசை எடை கூலி கணக்குக்கு. ஆலை எடை வழியில் குறைந்ததா என்று பார்க்க. கூடத்து வாசல் எடை எதற்கு? கேட்டால், முன்பிருந்தே போடுகிறோம் என்பார்கள். நான்கும் நான்கு நோட்டில் இருக்கும்வரை இந்தக் கேள்வி எழவே எழாது.

இதே கரையில் அளவை ஒன்றாக்கியதன் பலனைப் பார்க்க வேண்டும் என்றால் கடற்பாசி வளர்ப்பைப் பார்க்கலாம். மூங்கிலில் 12 அடிக்கு 12 அடி தெப்பம் கட்டி, விதைப்பாசியைக் கயிற்றில் கட்டிக் கடலில் விட்டு, 45 நாளில் அறுவடை செய்யும் முறை மகளிர் குழுக்களிடையே பரவியிருக்கிறது. தெப்பம் ஒரே அளவு என்பதால் ஒரு குழுவின் விளைச்சலை இன்னொரு குழுவோடு ஒப்பிடலாம், கடன் கணக்கு போடலாம், புதிதாக வருபவருக்கு ஒரு நாளில் சொல்லித்தரலாம். கடல் ஒவ்வொரு இடத்திலும் வேறுதான், ஆனால் தெப்பம் ஒன்றாக இருப்பதால் எது கடலால் குறைந்தது, எது கைவேலையால் குறைந்தது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

ஆள் மாறும்போது

கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் சரக்கு அடியோடு நின்றுவிடாது, ஆனால் வெகுவாகக் குறையும். வேலை குறைந்தால் ஆட்களும் குறைவார்கள். சிலர் வேறு ஊருக்குப் போவார்கள், சிலர் திரும்ப வரமாட்டார்கள். ஜூன் மாதம் படகுகள் கடலுக்குப் போய் வந்ததும் கூடத்தில் பாதி முகம் புதிது. "அக்கா, இந்தச் சீட்டு யார்கிட்ட குடுக்கணும்?" என்ற கேள்வி நாளெல்லாம் கேட்கும். மற்ற தொழில்களில் ஆள் மாறுவது சிறுகச் சிறுக நடக்கும். இங்கே ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக நடக்கிறது. அதனால் களஞ்சியத்தின் அருமையும் இங்கே சட்டென்று தெரியும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எதை எழுதுவது, எதை விடுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஓடு உடையாமல், சதை நொறுங்காமல் நண்டின் முதுகுச் சதையை முழுசாக எடுக்கும் கைப்பழக்கத்தை எந்தக் களஞ்சியத்திலும் எழுத முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழக வேண்டியது அது. அதற்கு இருபது பக்கம் எழுதினால் ஒருவரும் படிக்கப் போவதில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறும் இடங்களைத்தான் எழுத வேண்டும். எடுத்த சதையை எவ்வளவு நேரத்துக்குள் ஐஸுக்கு அனுப்ப வேண்டும், யார் எடுத்துப் போவார், தாமதமானால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம். தவறுகள் பெரும்பாலும் இந்தக் கைமாறும் இடங்களில்தான் நடக்கின்றன.

ஆடிட்டைப் பற்றியும் கொஞ்சம். கடல் உணவை அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் ஹசாப் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் விதி, 1997 டிசம்பர் 18 முதல் நடப்புக்கு வந்தது. ஆபத்து எந்தப் படியில் வரலாம், அங்கே எதை அளப்பது, அளவு மீறினால் என்ன செய்வது என்பதுதான் ஹசாப். பாஸ்டுரைஸ் செய்த நண்டு டின்னை எப்போதும் போதிய குளிரில் வைப்பது இப்படி ஒரு இடம், குளிர் குறைந்தால் விஷக்கிருமி வளர வாய்ப்பு உண்டு. இந்தத் திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது, அதோடு வேலைமுறை மாறும்போதெல்லாம் மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. வேலைமுறை மாறியது என்பதே ஃபைலுக்குத் தெரியாவிட்டால் பரிசீலனை எப்படி நடக்கும்? ஆடிட்டர் வரும் வாரத்தில் உட்கார்ந்து பழைய தேதி போட்டு எழுதும் பழக்கம் இங்கிருந்துதான் வருகிறது. மாற்றம் நடக்கும்போதே களஞ்சியத்தில் ஏறினால் அந்த வாரம் மற்ற வாரங்களைப் போலவே கழியும்.

எங்கிருந்து தொடங்குவது

வெற்றுத் தாளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தில் பொதுவாக என்னென்ன செயல்முறைகள் இருக்கும் என்ற பட்டியலை ஏபிகியூசி என்ற அமெரிக்க அமைப்பு 1990களின் தொடக்கத்திலேயே உருவாக்கியது, இப்போது அதில் 13 பெரும் பிரிவுகள். பல நிறுவனங்களின் வேலைமுறைகளைச் சேர்த்து ஒப்பிடும் ஒரு கையேட்டுத் திட்டத்தை எம்ஐடி பேராசிரியர் தாமஸ் மலோன் குழுவினர் 1991இல் தொடங்கினார்கள். படமாக வரைவதற்கு பிபிஎம்என் என்ற பொதுக் குறியீட்டு முறை இருக்கிறது, 2013இல் அது ஐஎஸ்ஓ என்ற சர்வதேச அமைப்பின் தரமாகவும் ஆனது. இவற்றை அப்படியே எடுத்து நண்டு கம்பெனியில் பொருத்தினால் பாதி பொருந்தாது. ஆனால் நாம் மறந்துவிட்ட பிரிவுகளை ஞாபகப்படுத்த அந்தப் பட்டியல் உதவும். குறியீடுகளைப் பற்றி என் கருத்து வேறு. கொதிகலத்தில் நிற்பவருக்குப் புரியாத படம் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் அது ஆலோசகருக்கான படம்தான். பெட்டி, அம்பு, பக்கத்தில் இரண்டு வரித் தமிழ் போதும்.

தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் வாங்கிய இடங்களில் தடித்த தரக் கையேடு ஒன்று அலமாரியில் இருக்கும். 2015 பதிப்பில் அப்படி ஒரு கையேடு கட்டாயம் என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாது. தேவையான தகவல் வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், சரியான பதிப்பில் கிடைக்க வேண்டும் என்பதுதான் இப்போது எதிர்பார்ப்பு.

மென்பொருள் வாங்குவது கடைசி வேலை. பத்துப் பேர் வேலை செய்யும் கருவாட்டுக் கடைக்கு இதெல்லாம் வேண்டாம், ஒரே கூரையின் கீழ் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது கிளை திறக்கும்போதுதான் தேவை தொடங்குகிறது. அப்போதும் எல்லோரும் பார்க்கக்கூடிய, சிலர் மட்டுமே மாற்றக்கூடிய ஒரு பொது ஆவணத் தொகுப்பே போதும். கூடத்தில் இருப்பவர் போனில் திறந்து பார்க்க முடிய வேண்டும், அது முக்கியம். அச்செடுத்து ஒட்டினால் தாளில் பதிப்புத் தேதி இருக்கட்டும், பழைய தாளைக் கிழிக்க ஒருவருக்குப் பொறுப்பு இருக்கட்டும். கணக்கு மென்பொருள் போடப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மூன்று கிளைகளின் மூன்று முறைகளையும் காசு கொடுத்து மென்பொருளுக்குள் ஏற்றிவிடுவீர்கள்.

எதை முதலில் எழுதுவது? எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் எழுதி முடிக்கும் திட்டங்கள் பெரும்பாலும் நடுவழியில் நின்றுபோகின்றன. நம் கம்பெனியில் நான் கரையில் நண்டு வாங்குவதில் தொடங்கி டின்னில் குறியீடு போடுவது வரை ஒரே தொடராக எழுதச் சொல்வேன். பணம், தரம், சட்டம் மூன்றும் அந்தத் தொடரில்தான் ஓடுகின்றன. அதை எழுத ஆவணப் பிரிவுக்காரரைத் தனியாக அனுப்பக் கூடாது. கொதிகலத்தில் நிற்பவர், சதை எடுக்கும் மேசையில் மூத்தவர், வண்டி ஓட்டுபவர் மூவரையும் உட்கார வைத்து, இப்போது உண்மையில் எப்படி நடக்கிறது என்று முதலில் எழுத வேண்டும். எப்படி நடக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பேசலாம். இரண்டையும் கலந்து எழுதினால் படிப்பவருக்கு எது நடப்பு, எது ஆசை என்று தெரியாது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒருவர் பொறுப்பாளர். குழுவைப் பொறுப்பாக்கினால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த வாரமே வேறு பெயர் ஏற வேண்டும். ஒரு வருடமாக ஒரு பக்கத்திலும் ஒரு வரிகூட மாறவில்லை என்றால், வேலையில் எதுவும் மாறவில்லை என்று சந்தோஷப்படாமல், கூடத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.